மூக்கு சொன்னால் சரி

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று இப்போது அடித்துச் சொல்ல முடியவில்லை. மேலாளர் ஆப்பிள் பையோடு வந்தது சட்டை கருகியதற்கு முந்தியா, பிந்தியா என்று அந்தத் தெருவிலேயே இரண்டு கட்சி உண்டு. மழைக்காலம் என்கிறார்கள் சிலர். மழை இருந்திருக்காது, இருந்திருந்தால் கொடியில் அத்தனை துணி தொங்கியிருக்காது. ஆனால் ஐஸ்காரர் பட்டப்பகலில், வேலைக்குப் போட்டுக்கொண்டு போன பூட்ஸோடு, நேராக வீட்டுக்குள் நடந்து வந்ததில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை.

ஐஸ்காரர் என்பது தெரு வைத்த பெயர். அவர் ஐஸ் விற்றதில்லை. ஊர் எல்லையில் இருந்த குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ஆபரேட்டர். மீனும் பழமும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் அந்தக் கட்டடத்தின் பின்பக்கத்தில் கம்ப்ரஸர் அறை. அம்மோனியா வாயுவை அழுத்திக் குழாய்களில் ஓடவிட்டுக் குளிரை உண்டாக்குவது அவர் வேலை. அவருடைய மனைவி வீட்டு முன்னறையில் மேசை போட்டு, தெருவில் உள்ளவர்களின் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொடுத்தாள். பிள்ளை இல்லை. அவளுடைய தம்பியைத்தான் இருவரும் சிறுவயதிலிருந்து வளர்த்தார்கள். சின்னவன் என்றால் அவன்தான். அவனுக்கும் ஐஸ்காரரே அந்தக் கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்து, தனக்கு உதவியாளாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை, கிடங்குக்கு அருகே அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

"என்னங்க, இந்நேரத்துல?" என்றாள்.

"வேலையை விட்டுட்டேன்."

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நீங்க விட்டீங்களா, அவங்க விரட்டுனாங்களா?"

"நான்தான்."

"யார்கூடயாவது சண்டையா?"

"இல்ல."

"பின்ன?"

"அங்க இனிமே ஆகாது. மாத்து ஆளு வர்றதில்ல. ஒரு ஷிப்டுன்னு போனா ரெண்டு ஷிப்டு நிக்க வேண்டியிருக்கு. முகமூடியில இருக்குற ஃபில்டர் எப்பவோ செத்துப் போச்சு. வாயு கசிஞ்சா கத்துற அலாரம், அதோட வயரையே புடுங்கி வச்சிருக்காங்க. எத்தனை காலத்துக்கு?"

"இதெல்லாம் புதுசா? கல்யாணமான நாள்லேருந்து இதே பாட்டைத்தான் பாடுறீங்க. பாடிக்கிட்டே போனீங்க, பாடிக்கிட்டே வந்தீங்க. இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

அவர் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு இறுகியிருந்தது. அதை நகத்தால் நெம்பிக்கொண்டே இருந்தார். அவள் காத்திருந்தாள். பதில் வரும் என்று நினைத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. பூட்ஸைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார்.

அன்றைக்கு அவளுக்குள் நுழைந்தது சந்தேகம். அவள் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் தண்ணீர் கலக்காத நாளில்கூட, ஏன் இன்று கலக்கவில்லை என்று யோசிப்பவள். கணவனிடம் மட்டும் அந்தக் குணத்தைக் காட்டாமல் வைத்திருந்தாள். காட்டத் தேவையும் வந்ததில்லை. வாங்குகிற சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பார், கொடுப்பதைச் சாப்பிடுவார், படுத்தால் தூங்குவார். ஒளித்துவைக்க அந்த ஆளிடம் எதுவும் இல்லை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

எதிர்வீட்டுத் தையல்காரிக்கு விஷயம் மூக்கில் வியர்த்துவிட்டது. மறுநாள் காலையிலேயே, தேய்க்கவேண்டியதே இல்லாத ஒரு துப்பட்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணன் லீவா அக்கா?"

"விட்டுட்டாரு."

"என்ன காரணமாம்?"

"வேலை சரியில்லையாம்."

"ஆம்பளைங்க திடீர்னு வேலையை விட்டா ரெண்டே காரணம்தான்க்கா. ஒண்ணு, எதுலயாவது கையை வச்சிருப்பாங்க. இல்ல, எங்கயாவது மனசை வச்சிருப்பாங்க." குரலைத் தாழ்த்தினாள். "அங்க பொம்பளைங்க வேலை செய்றாங்களா?"

"மீன் கழுவுற எடத்துல இருக்காங்க."

"பாத்தீங்களா!"

"போடி. அந்த மனுஷன் மேல அடிக்கிற வாடைக்கு எவ வருவா? கட்டிக்கிட்ட நானே ஒரு கை தள்ளித்தான் படுக்குறேன்."

இருவரும் சிரித்தார்கள். தையல்காரி போன பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கையை வைத்திருப்பாரோ? செம்புக் குழாய், பித்தளை வால்வு என்று அங்கே கிடக்காத சாமான் இல்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் வேலைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு ஸ்பேனர், காலி சாப்பாட்டு டப்பா, எண்ணெய்க் கறை படிந்த துணி. துணியை முகர்ந்தாள். ஊசியால் குத்துவதுபோல் அந்த வாடை உச்சந்தலைக்கு ஏறியது. தலையைத் திருப்பிக்கொண்டாள். பையை இருந்தபடியே அடுக்கி வைத்தாள். குளியலறைக் கதவருகே அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. துவாலையால் தலையைத் துவட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருக்கப் பழகாத மனிதர். எங்கே உட்கார்வது என்றே தெரியவில்லை. நாற்காலியை நகர்த்தி நகர்த்திக் கடைசியில் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சாப்பாட்டில் உப்பு அள்ளிப் போட்டார், மிளகாய்த்தூளைத் தூவிக்கொண்டார். "நாக்கு செத்துப் போச்சா?" என்று கேட்டால் சிரித்தார். ஒருநாள் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அவளாலேயே வாயில் வைக்க முடியவில்லை. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். குற்றம் செய்தவன்தான் குறை சொல்லாமல் சாப்பிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

மேலாளர் வந்தது இந்தச் சமயத்தில்தான் இருக்கவேண்டும். கிடங்கில் அவருக்குப் 'பார்த்துக்கலாம்' என்று பெயர். ஃபில்டர் கேட்டாலும், மாற்று ஆள் கேட்டாலும், விடுப்பு கேட்டாலும் அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். ஐஸ்காரர் கடைக்குப் போயிருந்தார். மேலாளர் வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஆப்பிள் பையை இஸ்திரி மேசையிலேயே வைத்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

"இருக்கோம் சார். அவரு மேல ஏதாவது தப்பா?"

"சேச்சே. தங்கமான மனுஷன். அவர் மூக்குதான் எங்க கம்பெனிக்கே காவல். அவர் கதவுகிட்ட நின்னு மோந்து பாத்து, ஒண்ணும் இல்லன்னு சொன்னா, அதுக்கு அப்பறம் பேச்சே கிடையாது."

"அப்ப எதுக்கு சார் விட்டாரு?"

"உடம்பு அலுப்பும்மா. ஓய்வெடுக்கட்டும். அவர் எடத்துல உங்க தம்பியைப் போட்டிருக்கேன். சின்ன வயசுலயே பெரிய பொறுப்பு. எல்லாம் பாத்துக்கலாம்." எழுந்தவர் வாசலில் நின்றார். "ஒண்ணு மட்டும். வேலைக்குப் போற பையன்கிட்ட வீட்டுல இருந்து எதையாவது சொல்லிக் குழப்பாதீங்க. அவன் நல்லா வருவான்."

கார் போனது. அவள் பையைப் பிரித்துப் பார்த்தாள். பளபளவென்று, ஒன்றுக்கொன்று அளவு மாறாத பழங்கள். திருடியவன் வீட்டுக்கு யாரும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வரமாட்டார்கள். அப்படியானால் இது எதற்கு? எதைச் சொல்லிக் குழப்பப்போகிறோம்? தனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்ள ஒரு மனுஷன் காரில் வருகிறார். ஒரு பழத்தையும் அவள் நறுக்கவில்லை.

அந்த வார விடுமுறைக்குச் சின்னவன் வந்தான். புதுச் சீருடையின் சட்டைப்பையில் பேனா வைத்திருந்தான். ஆளே ஒரு சுற்று உயர்ந்ததுபோல் இருந்தான். மாமாவும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பொதுவாக அந்த இருவரும் சேர்ந்தால் வீடு சந்தைக்கடையாகிவிடும். அன்று தட்டில் கரண்டி படும் சத்தம்தான் கேட்டது. இடையிடையே சின்னவன் இருமினான்.

"என்னடா இருமல்?"

"குளிருதான்க்கா. உள்ள போயி வெளிய வந்து, உள்ள போயி வெளிய வந்து..."

"இத்தனை வருஷமா அந்தக் குளிரு இல்லையா?"

ஐஸ்காரர் தலையை நிமிர்த்தவில்லை. சின்னவன் மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முட்டை இன்னொண்ணு இருக்கா?" என்றான்.

அவனை வழியனுப்பத் தெருமுனை வரை போனாள்.

"மாமா ஏன்டா வேலையை விட்டாரு? எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அவரையே கேளு."

"அவரு சொல்லல."

"அவருக்கு வயசாச்சுக்கா. முடியல. விடேன்."

"அவரு எடம் உனக்கு வேணும்னு நீ ஏதாவது போட்டுக் கொடுத்தியா?"

அவன் நின்றுவிட்டான். முகம் சுண்டிப்போயிற்று. "நீ ஒரு ஆளு மிச்சம் வைக்க மாட்டியா? எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு சந்தேகப்படுவியா?" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பேருந்தில் ஏறுமுன் மறுபடியும் இருமினான். அவள் அங்கேயே நின்றாள். புருஷனைச் சந்தேகப்பட்டாயிற்று, கூடப் பிறந்தவனையும் சந்தேகப்பட்டாயிற்று. இருவரும் சேர்ந்து ஒன்றை மறைக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயமாயிற்று.

சட்டை கருகியது இதற்குப் பிறகுதான் இருக்கவேண்டும். மத்தியான வேளை. மேசையில் வங்கிக்காரர் ஒருவரின் வெள்ளைச் சட்டை விரித்திருந்தது. கொடி அறுந்து துணிகள் விழுந்த சத்தம் கேட்டு அவள் கொல்லைக்கு ஓடினாள். அவசரத்தில் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டாள். துணிகளைப் பொறுக்கிக்கொண்டு நிமிரும்போதே வாடை அங்குவரை வந்தது. உள்ளே ஓடிவந்தாள். சட்டையிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி, மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஐஸ்காரர் மின்விசிறியின் ரெகுலேட்டரைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பெட்டியைத் தூக்கி எறிவதுபோல் வைத்தாள். சட்டையின் முதுகில் பெரிய பழுப்பு முக்கோணம்.

"வேணும்னே பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"

அவர் திரும்பினார். புகையைக் கண்டதும்தான் எழுந்தார்.

"தெரியலடி."

"பக்கத்துல உக்காந்திருக்கீங்க! தெருவே நாறுது! தெரியலயாம். என்னைப் பழிவாங்குறீங்களா? பையைத் தேடினேன்னு கோவமா? இருந்தா வாயைத் திறந்து சொல்லுங்க. ஊமை மாதிரி உக்காந்து வீட்டைக் கொளுத்தாதீங்க!"

அவர் கருகிய இடத்தை விரலால் தொட்டார். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

"எனக்கு வாடை தெரியாது" என்றார்.

"என்ன?"

"மூக்கு போச்சு. எப்ப போச்சுன்னு எனக்கே தெரியல."

அதையும் அவள் நம்பவில்லை. சட்டைக்குச் சாக்கு என்றுதான் நினைத்தாள். சமையலறைக்குப் போய் இரண்டு தம்ளர் எடுத்தாள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கலக்காத ஃபினாயில். கண்ணை மூடச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஃபினாயில் தம்ளரை மூக்குக்கு நேரே பிடித்தாள். பிடித்த அவளுக்கே குமட்டியது. அவர் நன்றாக மூச்சை இழுத்தார். இழுத்துவிட்டு, "குடுத்துட்டியா? இல்ல இனிமேதான் குடுக்கப் போறியா?" என்று கேட்டார்.

அவள் தம்ளரை மேசையில் வைத்தாள்.

"அம்மோனியாவுலயே கெடந்தா அப்படித்தான் ஆகும்போல" என்றார் அவர். "மொத மொத வேலைக்குப் போனப்ப கண்ணுல தண்ணி கொட்டும். அப்பறம் பழகிடுச்சு. பழகிடுச்சுன்னு பெருமையாச் சொல்லிக்குவோம். பழகல, செத்துக்கிட்டு இருந்திருக்கு."

"இதுக்கா வேலையை விட்டீங்க? இதை எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவர் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அலாரம் கத்துனா சரக்கு வச்சிருக்கவன்லாம் பயந்து ஓடி வர்றான்னு வயரைப் புடுங்கிட்டாங்கள்ல. அப்பறம் நான்தான் அலாரம். காலையில கதவைக் கொஞ்சமாத் திறந்து, தலையை உள்ள விட்டு மோந்து பாப்பேன். ஒண்ணும் இல்லன்னு சொல்லுவேன். எல்லாரும் உள்ள போவாங்க. அன்னைக்கும் பாத்தேன். பின்னாடி நின்ன லோடுமேன் ஒருத்தன் துண்டால மூக்கைப் பொத்தினான். நடிக்காதடா, வேலை செய்ய உடம்பு வணங்கலன்னா வீட்டுக்குப் போன்னு திட்டுனேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒண்ணும் இல்ல, போடான்னு இன்னொருத்தனை மெஷின்ல எண்ணெய் வடிக்க உள்ள அனுப்புனேன்."

"யாரை?"

அவர் ரெகுலேட்டரின் திருகு ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார்.

"யாரை அனுப்புனீங்க?"

"உன் தம்பியை."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்பக்கத்து வால்வுல கசிஞ்சிருக்கு. முட்டி போட்டுக் கெடந்தான். நான்தான் இழுத்துட்டு வந்தேன். மூஞ்சியில தண்ணியை ஊத்தி ஊத்தி... மத்தியானம் எழுந்து உக்காந்துட்டான். மேனேஜர் வந்து, விஷயம் வெளிய போக வேணாம், பாத்துக்கலாம்னாரு. நாளைக்கும் நான் அந்தக் கதவுல நின்னு ஒண்ணும் இல்லன்னு சொல்லணும். எனக்கு எப்பவுமே ஒண்ணும் இல்லதான். அதான் வந்துட்டேன்."

"அவனை அங்கயே விட்டுட்டு வந்தீங்களே!"

"கூப்பிட்டேன். வரல. அக்காகிட்ட சொல்லாதீங்க, சொன்னா என்னை வேலைக்கு அனுப்பாதுன்னு காலைப் பிடிக்காத குறை. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்."

இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தேகம் அடங்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. இப்போது அந்தக் கதவில் தலையை நுழைத்துப் பார்ப்பது யார்? அவனும் எத்தனை வருஷமாக அதே வாயுவில் கிடக்கிறான்? தெருமுனையில் அவன் இருமியது காதிலேயே நின்றது.

ஃபோனில் கூப்பிட்டாள். "மாமா உளறுறாரு. அவரு மூக்கு போச்சுன்னா என் மூக்கும் போகணுமா? எனக்கு எல்லாம் தெரியுது. வையிக்கா" என்றான்.

மறுநாள் காலையில் அவள் கிடங்குக்குப் போனாள். இத்தனை ஆண்டுகளில் அவள் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. ஐஸ்காரர் வாயில் வரை கூட வந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுகொண்டார். காவலாளி அவரைப் பார்த்ததும் அவளை உள்ளே விட்டான். மீன் கழுவும் தண்ணீர் ஓடிய சிமெண்டுத் தளத்தைத் தாண்டிக் கட்டடத்தின் பின்பக்கம் போனாள். கம்ப்ரஸர் அறையின் இரும்புக் கதவு முன்னால் நாலைந்து லோடுமேன்கள் நின்றிருந்தார்கள். உள்ளே குழாய்களின் மேல் உறைந்திருந்த பனியைத் தட்டுகிற வேலை என்பது அவர்கள் கையில் இருந்த மரச்சுத்தியல்களைப் பார்த்தால் தெரிந்தது. சின்னவன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை உள்ளே விட்டிருந்தான்.

அவள் கிட்டே போகும்போதே மூக்கில் ஊசி ஏறியது. இன்னும் இரண்டு எட்டு வைப்பதற்குள் கண் எரிந்து, தண்ணீர் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

சின்னவன் தலையை வெளியே எடுத்தான். அக்காவைக் கண்டு திகைத்தான். கதவை விட்டுவிட்டு அவளிடம் வந்தான்.

"இங்க எதுக்குக்கா வந்த? அய்ய, எதுக்கு அழுற? எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தானே இருக்கேன்? எல்லாரும் பாக்குறாங்க, அழாத."

"நான் அழலடா" என்றாள்.

அவன் புரியாமல் பார்த்தான். அவளுக்கு அதற்கு மேல் சொல்ல மூச்சு வரவில்லை. லோடுமேன்கள் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு, திட்டு விழுமோ என்று பயந்தவர்களாக நின்றார்கள். அவர்களில் ஒருவன் துண்டுக்குள்ளிருந்து கேட்டான்:

"அண்ணே, உள்ள போலாமா?"

சின்னவன் அவனைத் திரும்பிப் பார்த்தான். துண்டுகளைப் பார்த்தான். மறுபடியும் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்களும் கன்னமும் மோவாயும் நனைந்திருந்தன. அந்த முகத்தில் அழுகை இல்லை. அவன் மூச்சை உள்ளே இழுத்தான். விட்டுவிட்டு மறுபடியும் ஆழமாக இழுத்தான். எதையோ தொலைத்துவிட்டுச் சட்டைப்பையில் தேடுகிறவனைப்போல் இருந்தது அவன் முகம்.

"யாரும் உள்ள போகாதீங்க" என்றான்.

கிடங்கு அன்று முழுக்க நின்றது. வால்வைக் கண்டுபிடித்து மாற்றினார்கள். சின்னவன் அந்த வாரமே வேலையை விட்டான். இப்போது பேருந்துப் பணிமனையில் வேலை. இருமல் குளிர்நாளில் மட்டும் வருகிறது. தனக்கு மூக்கு பாதி திரும்பியிருப்பதாகச் சொல்கிறான். அக்கா அதை நம்பவில்லை. ஐஸ்காரருக்குத் திரும்பவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மோட்டார் பார்த்துக்கொள்கிறார். தெரு இன்னும் ஐஸ்காரர் என்றே கூப்பிடுகிறது. வங்கிக்காரர் வேறு இடத்தில் துணி போடுகிறார். மேலாளர் அதே இடத்தில் இருக்கிறார். அலாரத்துக்கு வயர் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கொடுக்கவில்லை என்றும் பேச்சு உண்டு. காலையில் அந்தக் கதவைத் திறந்து இப்போது யாரோ ஒருவர் தலையை நுழைத்துப் பார்க்கிறார். அவர் யார் என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.